சிஸ்டருக்கும் ஒரு எல் போர்டு!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் அசந்து தூங்கினாலும் சிப்காட் வந்துவிட்டதைச் சொல்ல கண்டக்டர் தேவையில்லை. மூக்கே விசிலடித்து எழுப்பிவிடும்! ஒருநாள் அழுகின முட்டை, ஒருநாள் நகப்பூச்சு, இன்னொரு நாள் பெயரே வைக்க முடியாத ஏதோ ஒன்று.

எனக்கு அங்கேதான் உத்தியோகம். ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸ். அட்டெண்டன்ஸ், ஓ.டி. கணக்கு, கேட் பாஸ் எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். புதுசாக வருகிற அப்ரன்டிஸ் பையன்கள் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகணும். அதனால் ஒரு சட்டம் எனக்கு மனப்பாடம்: ‘புதுப் பையனைத் தனியாக விடாதே!’

பையன் டிப்ளமாவில் கோல்டு மெடலே வாங்கியிருக்கட்டும். முதலில் சேஃப்டி கிளாஸ். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, கண்ணில் ஆசிட் பட்டால் எந்த ஷவருக்கு ஓடணும், எந்த மாஸ்க் எதற்கு... அப்புறம் மாசக்கணக்கில் ஒரு சீனியர் ஆபரேட்டரின் நிழலாக அலையணும். ஒரு வால்வைத் தொடுவதற்கு முன்னால் “அண்ணே, இதுதானே?” என்று கேட்டே ஆகணும். இதற்கெல்லாம் 1961-லேயே அப்ரன்டிஸ் சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி ஸார், ஒரு வால்வைத் திருக இவ்வளவு முன்ஜாக்கிரதை என்றால், புற்றுநோய் வார்டில் ஒரு மனிதரின் ரத்தக் குழாய்க்குள் மருந்தை ஏற்றப் போகிற இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு..?

மூணாம் நாளே நைட் டூட்டி

என் அண்ணன் மகள் சிதம்பரத்தில் நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். முதல் வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். சேர்ந்த மூணாம் நாள் நைட் டூட்டி. வார்டு முழுக்க அவள் ஒருத்திதான். ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரை ஏறினவர்கள், நடுவில் கீமோ மருந்து ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர். விடிந்ததும் எனக்கு போன்.

“சித்தப்பா, பேங்க் எக்ஸாமுக்கு என்ன புக் படிக்கணும்?”

“ஏம்மா, நாலு வருஷம் இதைத்தானே படிச்சே?”

“படிச்சேன் சித்தப்பா. கேன்சர்ங்கிறது அதுல ஒரு யூனிட்டு!”

அவள் சொன்னது நிஜம். பி.எஸ்ஸி. நர்சிங்கில் பிரசவம் உண்டு, குழந்தைகள் உண்டு, மனநலம் உண்டு, கிராமத்து சுகாதாரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் மெடிக்கல்-சர்ஜிக்கல் என்கிற பெரிய பாடத்தின் ஒரு பகுதியாகத்தான் புற்றுநோய் வருகிறது. வாத்தியார்களைக் குறை சொல்ல முடியாது. நாலு வருஷப் பையில் அவ்வளவுதான் இடம்.

இந்த விவகாரம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1974-லேயே மார்லின் கிரேமர் என்கிற அமெரிக்க நர்சிங் ஆராய்ச்சியாளர் இதற்கு ‘நிஜத்தின் அதிர்ச்சி’ என்ற அர்த்தத்தில் பெயர் சூட்டி ஒரு புத்தகமே எழுதினார். காலேஜில் சொன்னது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு புதியவர்கள் ஓடிப்போகிறார்கள் என்றார். 1984-ல் பேட்ரிஷியா பென்னர் என்பவர், கற்றுக்குட்டி நர்ஸ் நிபுணராக ஐந்து படி ஏறவேண்டும், அந்தப் படிகளெல்லாம் அனுபவத்தில்தான் இருக்கின்றன, புத்தகத்தில் இல்லை என்று விளக்கினார்.

விளைவு, ‘ரெசிடென்சி’. ஜூனியர் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை கற்ற காலத்து வார்த்தை. நர்ஸுகளுக்கும் அதே மாதிரி, படிப்பு முடிந்த கையோடு, சம்பளத்தோடு, ஒரு சீனியரின் கண்காணிப்பில் சுமார் ஒரு வருஷம் பயிற்சி. அமெரிக்காவில் 2002-லிருந்து பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இதை ஒரு திட்டமாகவே நடத்துகின்றன. நம்ம பாஷையில் சொன்னால் முதுகில் எல் போர்டு, பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள்.

நல்லவேளை, பேங்க் எக்ஸாம் புத்தகம் நான் வாங்கித் தருவதற்குள் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கே முதலில் வகுப்பு, அப்புறம் ஆறு மாசம் ஒரு சீனியர் அக்காவோடு ஜோடி டூட்டி. லீவில் வந்தபோது அவள் சொல்லச் சொல்ல, என் வாய் மூடவே இல்லை. பாதி சமாசாரம் எங்கள் பிளான்ட் மாதிரியே இருந்தது!

சுடுகாட்டு மல்லி

நம்ம பக்கம் ரோட்டோரத்தில் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்குமே, நித்தியகல்யாணி! சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். அதிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின் என்கிற மருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல வருஷங்களாகக் கைகொடுக்கிறது.

நரம்பில் ஏற்றினால், அதாவது ரத்தக் குழாயில், உயிர் காக்கும். அதே மருந்தைத் தவறிப்போய் முதுகுத் தண்டில் போட்டால் அநேகமாக மரணம்தான். சில குழந்தைகளுக்கு வேறொரு மருந்தை முதுகில் போடவேண்டியிருக்கும். இரண்டு சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் வந்தால் போச்சு! உலகத்தில் பல இடங்களில் இந்தத் தவறு நடந்து, 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கையே விட்டது. வின்கிறிஸ்டினை சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்ன ட்ரிப்ஸ் பையில் கலந்து கொடுங்கள் என்றது. பையை யாரும் முதுகில் குத்த மாட்டார்கள் இல்லையா?

இன்னொன்று டாக்ஸோருபிசின். ரத்தச் சிவப்பு. ஊசி கொஞ்சம் நழுவி மருந்து வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே செத்துப்போகும். அதனால் ஊசி சரியாக உள்ளே இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கணும். “எரியுதாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கணும். நம்ம ஜனங்களிடம் ஒரு தொல்லை. ‘பாவம், சிஸ்டருக்கு எதுக்குத் தொந்தரவு’ என்று எரிச்சலைப் பொறுத்துக்கொள்வார்கள்! “அவங்க வாயைக் கேக்காதே, முகத்தைப் பாரு” என்று சீனியர் அக்கா சொன்னாளாம். இது எந்தப் பாடப் புத்தகத்தில் வரும்?

மருந்து ஏறின பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று வீடே அலறும்.

அளவு விஷயத்தில் இன்னும் கறார். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு நோயாளியின் உயரம், எடையை வைத்து உடம்பின் பரப்பளவைக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகச் சரிபார்த்து, இரண்டு கையெழுத்து. எங்கள் பிளான்ட்டில் டேங்கர் இறக்குகிற மாதிரிதான்.

மருந்தே ரசாயனம்தான்

கீமோவின் கதையே ரசாயனத்தில் ஆரம்பித்தது. முதல் உலகப் போரில் வீசின ‘மஸ்டர்ட் கேஸ்’ இருக்கிறதே, அதன் சொந்தக்கார ரசாயனம் ஒன்றைத்தான் 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆகவே கொடுக்கிறவருக்கும் ஆபத்து உண்டு. பல மருந்துகளைத் தோலில் படவிடக் கூடாது, மூச்சில் இழுக்கக் கூடாது. இரட்டைக் கையுறை, தனி கவுன், மருந்து கலக்கக் கண்ணாடித் தடுப்புள்ள பெட்டி, சிந்தினால் துடைக்கத் தனி கிட். கீமோ ஏறின நோயாளியின் சிறுநீர், வாந்தியைக்கூட இரண்டு நாளைக்குக் கையுறை போட்டுத்தான் தொடணும். மூணாம் நாளே தனியாக விடப்பட்ட பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்? எங்கள் கேட்டில் கான்ட்ராக்ட் ஆளுக்குக்கூடக் கையுறை போடாமல் பாஸ் கிடையாது!

“அப்பாவுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்”

மருந்தைக்கூடக் கற்றுவிடலாம், பேச்சுதான் கஷ்டம் என்கிறாள்.

ரேடியேஷனை நம்ம பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். ஷாக் அடிக்கும் என்று பயந்து பாதியில் ஓடிவிட்டவர்கள் உண்டு. பொறுமையாக உட்கார்ந்து, இது மின்சாரம் இல்லை, வலிக்காது என்று விளக்கணும்.

அடுத்தது, மகன் நர்ஸைத் தனியே கூப்பிட்டு, “அப்பாவுக்கு என்ன வியாதின்னு சொல்லிடாதீங்க” என்பார். உள்ளே போனால் அப்பா, “சிஸ்டர், நீயாவது நிஜத்தைச் சொல்லும்மா, எனக்கு என்னா?” என்பார். படிப்பில் இதற்கு விடை இல்லை. சீனியர் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்களுக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க ஐயா?” என்று கேட்டாளாம். பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அதாம்மா, அதேதான். பையன் பயப்படுவான்னு கேக்கலை” என்றாராம்! பிறகு டாக்டர், அப்பா, மகன் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்திருக்கிறாள்.

முதன்முதலாக ஒரு நோயாளி இறந்த அன்றைக்கு, “பழகிடும்” என்று அந்த அக்கா சொல்லவில்லையாம். “போய் டீ குடிச்சிட்டு வா. அதுவரைக்கும் உன் பெட்டையும் நான் பாத்துக்கறேன். அப்புறம் பேசலாம்” என்றாளாம். பேங்க் எக்ஸாம் நினைப்பு அன்றோடு போயிற்று என்கிறாள் என் அண்ணன் மகள்.

நம்ம ஊர்க் கணக்கு

இதை ஏன் சிப்காட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்? 2004-ல் இந்தச் சுற்றுவட்டார ஜனங்களே பக்கெட் வைத்துக் காற்றைப் பிடித்து சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களும் இருந்தன. பிறகு நாக்பூரின் ‘நீரி’ நிறுவனம் செய்த ஆய்வைச் சொல்லி, இங்கே புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு என்று 2008-ல் பத்திரிகைகளில் அடிபட்டது. அது கணக்குப் போட்டுச் சொன்ன அபாயம், வீடு வீடாக எண்ணின நோயாளிக் கணக்கு இல்லை. ஆனாலும் குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இருப்பவர்களுக்கு அந்த எண்ணை மறக்க முடியுமா?

நோய் வந்தால் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் 1954-ல் ஆரம்பித்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் என்று பஸ் ஏறுகிறோம். கீமோ முடிந்து ஊர் திரும்பின ஒன்று, இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்? பக்கத்தில் இருக்கிறதற்குத்தான். அங்கே டூட்டியில் இருக்கிற சின்னப் பெண்ணுக்கு இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்திருக்கணும்.

இந்திய நர்சிங் கவுன்சில் புற்றுநோய் நர்சிங்குக்கு ஒரு வருஷ டிப்ளமா வைத்திருக்கிறது. ‘ரெசிடென்சி’ என்றே பெயர். பெரும்பகுதி வார்டில்தான். அருமையான ஏற்பாடு. ஆனால் சேர ஒரு வருஷ அனுபவம் வேண்டும்! நீச்சல் கிளாஸில் சேர ஒரு வருஷம் கிணற்றில் மிதந்த சர்டிபிகேட் கேட்கிற மாதிரி. அந்த முதல் வருஷத்தை யார் பார்த்துக்கொள்வது?

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும்தான் பார்த்துக்கொள்ளணும். அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி இருக்கிறது. 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக ஆரம்பித்து இப்போது அரசிடம் வந்துவிட்ட மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. கற்றுக்கொடுக்க இடமா இல்லை?

“ஒரு சீட்டுக்கு ரெண்டு சம்பளமா?” என்று நிர்வாகம் கேட்கும். எங்கள் மேனேஜ்மென்ட்டும் அப்படித்தான் கேட்கும். டைம் ஆபீஸ்காரன் பதில் சொல்கிறேன்: மூணு மாசத்துக்கு ஒரு ஆள் ஓடிப்போனால், புது ஆளைத் தேடி, சேர்த்து, மறுபடி முதலிலிருந்து சொல்லித் தருகிற செலவு எந்தக் கணக்கில் வருகிறது? அது ஒரு பேரேட்டிலும் ஏறாது, அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை உங்கள் அப்பாவுக்கு மருந்து ஏற்ற வந்த சின்னப் பெண் பெயரை இரண்டாவது தடவை கேட்டு, சீட்டைப் பார்த்து, இன்னொரு சிஸ்டரையும் கூப்பிட்டுச் சரிபார்த்தால், “புதுசா? ஒண்ணும் தெரியாதா?” என்று எகிறாதீர்கள். அவளுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஊசியோடு வந்தால்... அப்போது எகிறுங்கள் ஸார், நானும் சேர்ந்துகொள்கிறேன்!