யூடோராவில் கிடக்கும் கடிதங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988-இல் ஸ்டீவ் டோர்னர் என்ற நிரலாளர் மின்னஞ்சலுக்கென ஒரு மென்பொருளை எழுதினார். சி மொழியில் சுமார் 50,000 வரிகள். ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினியில் மட்டுமே ஓடும். எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னர் குவால்காம் நிறுவனத்தின் கைக்கு வந்து, விண்டோஸ் கணினிகளிலும் பரவி, 1990களில் மின்னஞ்சலில் புழங்கிய ஏராளமானோருக்கு அன்றாடத் துணையாக இருந்தது யூடோரா. 2006 அக்டோபரில் அதன் கடைசி வணிகப் பதிப்பு வெளியானது. அத்துடன் அதன் வளர்ச்சி நின்றது.

நின்ற பிறகும் பலர் அதை விடவில்லை. விடவேண்டிய அவசியம் உடனே வரவில்லை என்பதுதான் காரணம். மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, நேற்று ஓடியது இன்றும் ஓடும். அதைச் சுற்றியுள்ள உலகம்தான் மாறுகிறது. கடிதங்களை அனுப்பிப் பெறும் சர்வர்கள் பழைய மறையாக்க முறைகளை ஒவ்வொன்றாக நிராகரிக்கத் தொடங்கின. பயனர் பெயரும் வழக்கமான கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய மென்பொருள்களுக்கு, 2022 மே மாத இறுதியில் கூகுள் தன் தனிநபர் கணக்குகளில் கதவை அடைத்தது. பழைய மென்பொருளால் புதிய பூட்டுகளைத் திறக்க முடியாது. ஒருநாள் காலை ‘பெறு’ பொத்தானை அழுத்தினால் பிழைச்செய்திதான் வரும்.

இந்தக் கதை யூடோராவோடு முடியவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போனது. விண்டோஸ் லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-உடன் வந்த மெயில் செயலியை 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஆகவே இதில் ஏதோ ஒன்றில் நீங்களும் மாட்டியிருக்கக்கூடும்.

புதிய மென்பொருளை நிறுவுவது அரைமணி நேர வேலை. கடினமானது பழைய கடிதங்களைக் கொண்டுவருவது. ஏன் கடினம் என்று புரிந்துகொள்ள, கடிதம் வட்டில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யூடோராவின் காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தியது பாப் எனும் நெறிமுறை. சர்வரில் வந்து சேர்ந்த கடிதத்தை உங்கள் கணினிக்கு இறக்கிவிட்டு, சர்வரிலிருந்து அழித்துவிடுவதே அதன் வழக்கம். அப்படியானால் உங்கள் வட்டில் உள்ள பிரதிதான் உலகிலேயே ஒரே பிரதி. பிறகு பரவலான ஐமேப் முறையில் கடிதம் சர்வரிலேயே தங்குகிறது. கணினியில் இருப்பது அதன் நகல். ஐமேப் வழியே கடிதம் பெற்றவர்கள் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் கடிதங்கள் தாமே வந்து நிற்கும். பாப் வழியே பெற்றவர்கள்தான் சுமையைத் தோளில் தூக்க வேண்டியவர்கள்.

யூடோரா ஒவ்வொரு அஞ்சல்பெட்டியையும் ஒரே நீண்ட உரைக்கோப்பாக வைத்திருந்தது. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் அடையாள வரி. இது யூனிக்ஸ் உலகின் எம்பாக்ஸ் வடிவத்துக்கு நெருங்கியது. நோட்பேடில் திறந்தால்கூடப் படிக்கலாம். அந்த எளிமைக்காக டோர்னரின் வடிவமைப்பை நான் இன்றும் மதிக்கிறேன். மூடிய வடிவத்தில் வைத்திருந்தால் பல கடிதங்கள் நிரந்தரமாக முடங்கியிருக்கும்.

ஆனால் அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. எந்தக் கடிதத்தைப் படித்தீர்கள், எதற்குப் பதில் எழுதினீர்கள் என்ற தகவல் அந்த உரைக்கோப்பில் இல்லை. பக்கத்தில் தனியாக இருக்கும் அட்டவணைக் கோப்பில் இருக்கிறது. உரைக்கோப்பை மட்டும் பெயர்த்தால் எல்லாமே படிக்காத கடிதங்களாக நிற்கும். அடுத்து, நீங்கள் அழித்த கடிதங்கள் உண்மையில் உடனே அழிவதில்லை. அட்டவணையிலிருந்து நீங்குமே தவிர, பெட்டியைச் சுருக்கும் கட்டளை ஓடும்வரை உரைக்கோப்பில் அப்படியே கிடக்கும். சுருக்காமல் இறக்குமதி செய்தால் பழைய குப்பையெல்லாம் உயிர்த்தெழும்.

மூன்றாவதுதான் பலரைக் கலங்கடித்தது. கடிதத்தோடு வந்த படம், ஆவணம் முதலியவற்றை யூடோரா கழற்றி எடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டுவிடும். கடிதத்தில் அது இருந்த இடத்தில், கோப்பு எங்கே வைக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் எஞ்சும். அந்த வரியைப் புரிந்துகொள்ளாத மென்பொருளுக்குக் கடிதத்தைக் கொண்டுபோனால் உரை வரும், படம் வராது. எய்டு4மெயில் போன்ற மாற்றிகள் இந்த வரியைப் படித்து இணைப்பைத் திரும்பப் பொருத்தித் தருகின்றன. அதற்குக் கடிதக் கோப்புறையையும் இணைப்புக் கோப்புறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு தடை. 1990களின் இறுதியில் தமிழ் மின்னஞ்சல்கள் பல திஸ்கி குறியாக்கத்தில் போயின. ஆங்கிலம் போக எஞ்சிய 128 இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கிய முறை அது. அதற்குரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இன்றைய மென்பொருளில் அதே கடிதம், தலையில் புள்ளியும் கோடும் ஏந்திய ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிகிறது. பார்த்தவுடன் கெட்டுப்போனதாக எண்ணி அழித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறவில்லை. லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற சிறு கருவிக்குத் திஸ்கி தெரியும். யூனிகோடாக மாற்றித் தரும். மறுபுறம், யூனிகோடு கடிதங்களைச் சரியாகக் காட்டும் திறன் யூடோராவுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

2018 மே மாதத்தில் கலிஃபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், குவால்காமின் சம்மதத்தோடு யூடோராவின் மூலநிரலை வெளியிட்டது. யாரும் எடுத்துத் திருத்தலாம், பயன்படுத்தலாம். ஒரு நிறுவனம் கைவிட்ட மென்பொருளுக்கு இதைவிடக் கண்ணியமான முடிவு கிடையாது. மற்ற நிறுவனங்களும் இதையே செய்ய வேண்டும்.

மாற்றாக எதை எடுப்பது? நான் தண்டர்பேர்டைச் சொல்வேன். திறந்த மூலநிரல் கொண்டது. கடிதங்களை எம்பாக்ஸ் வடிவத்தில் உங்கள் வட்டிலேயே வைப்பது. 2012-இல் மொசில்லா அதைப் பின்னுக்குத் தள்ளியபோதும் தன்னார்வலர்கள் காப்பாற்றினார்கள். 2020 முதல் மொசில்லாவின் துணை நிறுவனம் ஒன்று அதை வளர்த்துவருகிறது. புதிய அவுட்லுக்கும் இருக்கிறது. ஆனால் மற்ற நிறுவனக் கணக்குகளின் கடிதங்களையும் அது மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணினிக்குப் பிரதியெடுக்கிறது. அதற்கு உடன்பாடு உண்டா என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அழகு, வேகம் எல்லாம் பிறகு. கடிதங்களைப் பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன், அதன் அஞ்சல் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். புதிய மென்பொருளில் பத்தாண்டு முந்தைய கடிதங்களில் சிலவற்றைத் திறந்து, இணைப்புகளும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்த பிறகு பழையதை விடலாம்.