காய்கறிப் பாத்தி என்னும் கவசம்

நகரமும் ஒரு பிடி மண்ணும் – 9

லைப்ஸிக் நகரில் 1864-ல் தொடங்கிய ஷ்ரேபர் சங்கத்தின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பிள்ளைகள் ஓடியாடுவதற்கென்று தலைமையாசிரியர் ஹவுஷில்ட் உருவாக்கிய திடலின் ஓரத்தில் ஆசிரியர் கெஸெல் பாத்தி கட்டினார். களை எடுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். அப்படிப் பிறந்த குடும்பத் தோட்டங்கள் இன்று ஜெர்மனி முழுவதும் ஏறத்தாழ 9 லட்சம் இருக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி பெர்லின், ஹாம்பர்க், ட்ரெஸ்டன் போன்ற நகரங்களின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மனை வணிகர்கள் கண் வைக்கும் நிலம் அது. அதில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநரும், துருக்கியிலிருந்து வந்து குடியேறிய குடும்பமும், கைக்குழந்தையோடு இளம் தம்பதியும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். ஒரு சதுர அடிகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எல்லாம் குத்தகை.

அந்தக் குத்தகைத் தொகை மிகக் குறைவு. அதே வட்டாரத்தில் வியாபாரத்துக்காகக் காய்கறியும் பழமும் விளைவிக்கும் விவசாயி நிலத்துக்கு என்ன கொடுக்கிறாரோ, அதன் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். பக்கத்து மனை என்ன விலைக்குப் போகிறது என்பது கணக்கிலேயே வராது. நாடு தழுவிய சராசரி, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20 யூரோ சென்டுக்குள்தான். நம் கணக்கில் பத்து சென்ட் அளவுள்ள 400 சதுர மீட்டர் தோட்டத்துக்கு வருடத்துக்கு 80 யூரோகூட ஆகாது. சங்கச் சந்தா, தண்ணீர், காப்பீடு எல்லாம் தனி.

இந்தச் சலுகை தானாக வரவில்லை. முதல் உலகப்போரின்போது, 1916–17 குளிர்காலத்தில், உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, மாட்டுத்தீவனமாக இருந்த டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் நாளைக் கடத்தினார்கள். அந்தப் பஞ்சம்தான் நகரத்துத் தோட்டத்தின் அருமையை அரசுக்கு உணர்த்தியது. 1919 ஜூலையில், நினைத்தபோது வெளியேற்றுவதையும் கொள்ளைக் குத்தகை வாங்குவதையும் தடுத்து ஒரு சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1921-ல், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த சங்கங்கள் பிரேமன் நகரில் கூடித் தேசியக் கூட்டமைப்பை அமைத்தன. கையில் கிடைத்த உரிமையைக் காக்க ஆள் வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்திருக்கிறது.

இடையில் நாஜிகள் இந்தக் கூட்டமைப்பை விழுங்கினார்கள். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் 1949-ல் மீண்டும் எழுந்தது. பெயர் பலமுறை மாறியது. இன்று பெர்லினில் இருந்து இயங்கும் இந்தக் கூட்டமைப்பின் கீழ் மாநில அமைப்புகள், அவற்றின் கீழ் நகர, மாவட்ட அமைப்புகள், அடியில் சுமார் 13,000 ஊர்ச் சங்கங்கள்.

தோட்டக்காரரின் வாழ்வு ஊர்ச் சங்கத்தோடு முடிந்துவிடுகிறது. உறுப்பினர் ஆவதும், வேலிக்கு உயரம் குறிப்பதும், பொதுவேலைக்கு ஆள் பிரிப்பதும் அங்கேதான். ஆனால் நாடாளுமன்றத்திலோ நீதிமன்றத்திலோ சட்டத்தின் ஒரு வரி மாறினால் 9 லட்சம் தோட்டமும் ஆடிப்போகும். அதை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். நிலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி உரிமையாளரை நிரந்தரமாகக் கட்டிப்போடுவது அரசமைப்புக்கு முரண் என்று 1979-ல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்ததுதான் 1983 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டம். குத்தகை உச்சவரம்பு மிகவும் தாழ்ந்தது என்று 1992-ல் மறுபடி ஒரு தீர்ப்பு. இரண்டு மடங்காக இருந்த வரம்பு நான்கு மடங்கானது அதன் விளைவாகத்தான்.

இந்த 1983 சட்டத்தைப் படித்துப் பார்த்தால், அதை எழுதியவர்களுக்குப் பருவம் தெரிந்திருந்தது என்று தோன்றுகிறது. நகரத் திட்டத்துக்காக நிலத்தை எடுப்பதென்றால், பிப்ரவரியின் மூன்றாவது வேலைநாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். காலி செய்யும் நாள் நவம்பர் 30. விதைப்பதற்கு முன் தகவல், அறுவடை முடிந்தபின் வெளியேற்றம். மரம் செடிக்கும் குடிலுக்கும் இழப்பீடு உண்டு. பொதுவாக, மாற்று நிலம் தேடித் தருவது நகராட்சியின் பொறுப்பு.

இவ்வளவு பாதுகாப்புக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது தோட்டமாக இருந்தாக வேண்டும். புல்தரையும் சாய்வு நாற்காலியும் மட்டும் இருந்தால் அது உல்லாச மனை. உல்லாச மனைக்கு மலிவுக் குத்தகை எதற்கு என்று உரிமையாளர் கேட்பார். பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி விளைச்சலுக்குப் போக வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் அளவே வகுத்துவிட்டது. குடில் 24 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிரந்தரமாகக் குடியிருக்கும் வசதியும் கூடாது.

தோட்டம் கைமாறும் நாளில் இது கண்ணுக்குத் தெரியும். சங்கத்தின் மதிப்பீட்டாளர் அளவு நாடாவோடு வருகிறார். குடிலின் நீள அகலம், கூரையின் நிலை, ஆப்பிள் மரத்தின் வயது, பெர்ரிப் புதர்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். மண்ணுக்கு விலை இல்லை. அதன் மேல் இருப்பதற்குத்தான் மதிப்பு. முந்தையவர் ஆசையாக வளர்த்த ஊசியிலை மரத்துக்கு மதிப்பு கிடையாது. பல இடங்களில் அதை அவரே தன் செலவில் வெட்டிவிட்டுப் போக வேண்டும். பெர்ரிப் புதர் கணக்கில் ஏறுகிறது. ஜெர்மானியர்களின் அற்பமான விதிப்பித்து என்று வெளியாட்கள் சிரிக்கும் இடம் இதுதான். ஆனால் அந்த அவரைப் பந்தலும் உருளைப் பாத்தியும் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய சாட்சி. ஒரு வளாகம் முழுவதும் புல்தரையானால், ஒழுங்காக விளைவித்தவரும் சேர்ந்தே பாதுகாப்பை இழக்கக்கூடும். அதனால்தான் கூட்டமைப்பு விதி பேசுவதோடு நிற்காமல், ஊர்ச் சங்கங்களில் இருக்கும் தோட்ட ஆலோசகர்களுக்கு மரம் கத்தரிப்பது முதல் மண்வளம் வரை சொல்லிக்கொடுக்க இவ்வளவு மெனக்கெடுகிறது. விளைச்சல் நின்றால் வாதமும் நின்றுவிடும்.

சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் என்று யார் பேச்செடுத்தாலும் கூட்டமைப்பு தயங்குவதும் இதனாலேயே. இளைய தோட்டக்காரர்கள் சிலர் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் இன்னும் அதிக இடம் விடக் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனாலும் கூட்டமைப்பின் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒரு பிரிவைத் திறந்தால், வீட்டு மனைக்கு ஆலாய்ப் பறக்கும் நகரங்கள் அடுத்த பிரிவையும் திறக்கச் சொல்லும்.

மனைக்கான அந்தத் தவிப்புக்கு பெர்லின் ஷ்மார்கென்டார்ஃபில் இருந்த ஓயன்ஹவுஸன் தோட்ட வளாகமே உதாரணம். 1904-லிருந்து பயிர் கண்ட மண். அஞ்சல் துறை வசமிருந்த நிலம் தனியார் கைக்குப் போனது. 2014 மே மாதம் வட்டார வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் தோட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். ஆனால் கட்டட உரிமையைப் பறித்தால் முதலீட்டாளருக்குப் பெருந்தொகை தர வேண்டிவரும் என்ற அச்சம் நிர்வாகத்தைக் கட்டிப்போட்டது. 2016-ல் பாதித் தோட்டங்கள் இடிக்கப்பட்டன. மீதிப் பாதி தப்பியது. நிலம் பொதுக் கையை விட்டுப் போனபின் சட்டத்தின் பிடியும் தளர்கிறது என்பதை அந்த வளாகம் கண்டுகொண்டது.

கிழக்கே நிலைமை நேர் எதிர். கிழக்கு ஜெர்மனியின் தோட்டக்காரர் அமைப்பு 1990-ல் கலைந்தபோது, அதன் சங்கங்கள் பெருந்திரளாகத் தேசியக் கூட்டமைப்புக்குள் வந்தன. பின்னர் வேலை தேடி இளைஞர்கள் மேற்கே போனார்கள். பெர்லினில் ஒரு துண்டுக்காகப் பல வருடம் காத்திருக்கிறார்கள். சாக்ஸனி-அன்ஹால்ட்டின் சிறு நகரங்களில் குடில்கள் பூட்டியே கிடக்கின்றன. ஆளில்லாத துண்டின் குத்தகைப் பாரம் சங்கத்தின் தலையில். இடிந்த குடிலை அகற்றும் செலவை யார் ஏற்பது, ஓரத்துத் துண்டுகளை நிலக்காரரிடம் ஒப்படைக்கலாமா, பழத்தோப்பாக்கலாமா என்று அங்கே சங்கக் கூட்டங்களில் வாதிடுகிறார்கள். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஒரே சட்டம், ஒரே கூட்டமைப்பு.

போர் முடிந்ததும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களை பிரேமன் மேயர் வில்ஹெல்ம் கைஸன் இந்தத் தோட்டங்களிலேயே குடியிருக்க அனுமதித்தார். வந்தவர்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)