உங்களுக்குத் தெரியுமா? தாமிரபரணிக் கரையோரம் ஒரு குடும்பச் சுற்றுலா!

லீவு விட்டாச்சு! புளியோதரை கட்டியாச்சு! பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாச்சு! எங்கே போவது? பொதிகை மலையில் புறப்பட்டுப் புன்னைக்காயல் கடலில் சேரும் தாமிரபரணி மொத்தமே சுமார் 125 கிலோமீட்டர்தான். காலை இட்லியைப் பாபநாசத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் கடலில் கால் நனைக்கலாம். ஒரு முழு ஆறு, ஒரே நாளில்! கங்கைக் கரைக்காரர்கள் இப்படி ஒரு பிளான் போட்டுவிட முடியுமா?

தமிழ்நாட்டு மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக் கடலிலேயே கலக்கும் வற்றாத நதி இது. பக்கத்து மாநிலத்திடம் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை!

தென்மேற்குப் பருவமழையும் இதை நனைக்கும். வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும். ஒரே ஆறு, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்!

குற்றாலத்தில் குளிக்க சீசன் பார்க்கணும், சாரல் விழுந்ததா என்று நாலு பேருக்கு போன் போடணும். பாபநாசம் அகத்தியர் அருவிக்கு அந்தக் கவலையே இல்லை. ஏப்ரல் வெயிலிலும் தலையில் தண்ணீர் விழும்! ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இது புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பையைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அருவி என்றால் குளிக்க மட்டும்தானா? 1880களில் ஹார்வி சகோதரர்கள் இதே பாபநாசத்தில் விழுகிற தண்ணீரின் விசையை வைத்துப் பஞ்சாலையையே ஓட்டிவிட்டார்கள்!

நெல்லைக்காரர் வீட்டில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் தங்கம் விலைக்கு முன்னால் பார்ப்பது அணை மட்டம். மூன்று எண்களை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்றையும் கடகடவென்று சொன்னால் டீக்கடையில் உங்களை உள்ளூர்க்காரர் என்றே நினைத்துவிடுவார்கள்! இதில் பாபநாசம் அணையையும் சேர்வலாறு அணையையும் மலைக்குள்ளேயே ஒரு சுரங்கம் இணைக்கிறது. இங்கே ஏறும் தண்ணீர் அங்கே போகும்!

தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் எது? முதுமலை என்று சொல்லியிருப்பீர்கள். தப்பு! நம்ம களக்காடு முண்டந்துறைதான். ஆண்டு 1988. முதுமலைக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 2007இல். நாங்கள் 19 வருஷம் சீனியர்!

ஒரு குரங்குக்காக ஒரு காட்டையே ஒதுக்கிய கதை தெரியுமா? களக்காடு சரணாலயம் 1976இல் உருவானதே சிங்கவால் குரங்குக்காகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இது இல்லை. வளர்ந்த குரங்குகள் மொத்தமே 2,500க்கும் குறைவு. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பிடரி, வாலில் சிங்கக் குஞ்சம். கண்ணில் பட்டால் அன்றைக்கு லாட்டரி அடித்த மாதிரி!

அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது 2016இல். அங்கே இருக்கும் உயர்வகைத் தாவரங்கள் 2,254. அதில் சுமார் 400 இனங்கள் இந்த வட்டாரத்தை விட்டு வெளியே எங்கும் முளைப்பதில்லை. மலை உச்சியின் உயரம் 1,868 மீட்டர்!

இனி மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரை ஒரு தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. எத்தனை வருஷத்துக்கு? 99! முடிவது 2028இல். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். கீழே மணிமுத்தாறில் வேர்த்துக் கொட்டும், மேலே நாலுமுக்கில் ஸ்வெட்டர் கேட்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி ஏறாது. அனுமதி வாங்குவதைப் பற்றி விசாரிக்காமல் குடும்பத்தோடு போய்ச் சாவடியில் நின்று, பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிற பாவத்தைச் செய்துவிடாதீர்கள்!

கூடாரம் போட்டுக் காட்டில் தங்குவதற்கு இப்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். நெல்லைக் குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சும்மாவே செய்துகொண்டிருக்கின்றன! ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பாய், பாத்திரம், அரிசி, கைக்குழந்தை, பாட்டி, எல்லாம் காட்டுக்குள் வந்திறங்கும். குடில் கட்டி, அடுப்புக் கூட்டி, ஆற்றில் குளித்து, அங்கேயே சமைத்து, அங்கேயே தூக்கம். முன்னெல்லாம் நாள் கணக்கில் தங்குவார்கள். இப்போது வனத்துறை எத்தனை நாள் சொல்கிறதோ அத்தனை நாள்தான். ஆனாலும் கூட்டம் குறைந்தபாடில்லை!

அதே கோயில் விழாவில் இன்னொரு அதிசயமும் நடந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், சிங்கம்பட்டி முருகதாஸ் தீர்த்தபதி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ராஜ உடையில் வந்து மக்களுக்குத் தரிசனம் கொடுத்தார். தமிழ்நாட்டில் முடிசூட்டப்பட்ட கடைசி ஜமீன்தார் அவர்தான். மறைந்தது எப்போது? 1920இல் இல்லை, 2020இல்!

காட்டை விட்டுக் கீழே இறங்கினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்காமல் தாண்டாதீர்கள். இந்த ஊர் நடராஜர் 1982இல் திருடு போனார். எங்கே இருந்தார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில்! 2019இல் ஊர் திரும்பினார். 37 வருஷ வெளிநாட்டு வாசம்!

ஆற்றங்கரையில் விரித்து உட்கார என்ன கொண்டு போகிறீர்கள்? பிளாஸ்டிக் ஷீட்டா? பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் வெட்கப்படுங்கள்! தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, நெய்கிற பட்டுப்பாய் துணிபோல மடங்கும். 1953இல் இங்கிலாந்து எலிசபெத் ராணி முடிசூடியபோது பரிசாகப் போனது பத்தமடைப் பாய்தான்! புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

பாயில் உட்கார்ந்து சாப்பிட என்ன? கூட்டாஞ்சோறு! அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில். கழுவ வேண்டிய பாத்திரம் 1!

இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம், அதாவது ஊரும் வனத்துறையும் சேர்ந்து காப்பாற்றுகிற காடு, எங்கே இருக்கிறது? இமயமலையில் தேடாதீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூரில்! பரப்பளவு வெறும் 7 ஏக்கர். அறிவித்த நாள் 2005 பிப்ரவரி 14. காதலர் தினத்தில் பறவைகளுக்குக் கிடைத்த வீடு! ஊர்க்காரர்கள்தான் கேட்டு வாங்கினார்கள். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம். மருத மரத்துக்கு மரம் கொக்கும் நாரையும். கீழே நின்று அண்ணாந்து வாயைப் பிளக்காதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை!

அங்கேயே நாறும்பூநாதர் கோயில் கோபுரம். வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு கோபுரம். உள்ளே ஏறினால் அடுக்கடுக்காகச் சுவரெல்லாம் பழைய ஓவியம், தூணெல்லாம் மரச் சிற்பம். 5 நிலைகள்!

பறவை ஆசை இன்னும் அடங்கவில்லையா? கூந்தன்குளம் போங்கள். திருநெல்வேலியிலிருந்து சுமார் 33 கிலோமீட்டர். மணிமுத்தாறு அணைத் தண்ணீர்தான் கால்வாய் வழியாக இந்தக் குளத்துக்கும் வருகிறது. பறவைகள் குளத்தில் மட்டுமா இருக்கின்றன? வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன! குஞ்சு பயந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர். உங்கள் தெருவில் ஒரு நாள் முயன்று பாருங்கள், தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று!

அந்தக் குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து சாதாரண விருந்தாளி இல்லை. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற ஆள். இந்த வாத்து பறந்து பதிவான உயரம் 7,000 மீட்டருக்கும் மேல்!

மான் பார்க்கணுமா? திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாடு. இந்தியாவின் தென்கோடியில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடம் இதுதான். இதற்குத் தெற்கே தேடினாலும் கிடையாது! புள்ளிமான்தான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் வண்டியை வடக்கே கங்கைகொண்டானுக்குத் திருப்புங்கள். 2013இல் அறிவித்த சரணாலயம், 288 ஹெக்டேர்!

திருநெல்வேலிக்குள் நுழையும்போது சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாத காலம். வெள்ளம் வந்தால் படகு, படகு கிடைக்காவிட்டால் காத்திருப்பு. அரசாங்கம் கட்ட யோசித்தது. ஊரில் வசூல் பண்ணலாம் என்று பேச்சு. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் என்ன செய்தார்? சொந்தப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டார்! வடிவமைத்தவர் கேப்டன் ஹார்ஸ்லி. மாதிரி எது தெரியுமா? லண்டன் வாட்டர்லூ பாலம்! 11 வளைவுகள். திறந்தது 1843இல். லண்டனில் அந்த மூலப் பாலத்தை 1930களில் இடித்தே விட்டார்கள். நம்ம பாலத்தில் இன்றைக்கும் பஸ் போகிறது!

அடுத்த பாலத்தையும் விடாதீர்கள். ஜங்ஷன் பக்கத்து ஈரடுக்கு மேம்பாலம். ரயில் பாதைக்கு மேலே இரண்டு மாடிச் சாலை. இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. 1973!

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் பெரிய தூண், அதைச் சுற்றி 48 சின்னத் தூண்கள். தட்டினால் சுரம் பேசும். ஆனால் நீங்கள் தட்டாதீர்கள்! தட்டித் தட்டித் தேய்த்தது போதும்.

கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. 1900இல் தொடங்கியது. சாயங்காலம்தான் திறக்கும், சீக்கிரமே தீரும். வரிசையில் அப்பாவை நிறுத்திவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அல்வா என்றாலே திருநெல்வேலி. அல்வாவுக்கு வேண்டியது சம்பா கோதுமை. திருநெல்வேலி வயலிலோ நெல்! வெளியூர்க் கோதுமையில் உலகப் பெயர் வாங்கிய ஊர் இது ஒன்றுதான் என்று பந்தயம் கட்டலாம்!

கிழக்கே போனால் பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டினார், கிடைத்ததைத் தன் ஊருக்கு எடுத்துப் போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ வந்தார். மேடு மட்டும் 114 ஏக்கர். இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழி! பிள்ளைகள் முதலில் மிதிக்கப் பயப்படுவார்கள், அப்புறம் இறங்க மாட்டார்கள்.

பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் நெல் கிடைத்தது. சோதித்தால் வயது சுமார் 3,200 ஆண்டு. அதே சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியைச் சோதித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட விடை: கி.மு. 3345!

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்கர் குறிப்பிலேயே பெயர் இருக்கிறது. கடல் எங்கே என்று பிள்ளை கேட்டால் திணறாதீர்கள். துறைமுகம் அங்கேயேதான் இருக்கிறது, கடல்தான் கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போய்விட்டது!

தாமிரபரணியில் மொத்தம் 8 தடுப்பணைகள். அதில் ஏழு, ராஜாக்கள் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் கட்டியது. இவை நனைக்கும் நிலம் 86,107 ஏக்கர்!

டிசம்பரில் வருகிறீர்களா? வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வாருங்கள். டோக்கியோவில் வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழை சுமார் 160 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் கொட்டியது எவ்வளவு தெரியுமா? 95 சென்டிமீட்டர்!

அந்த மழையின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம், ஏறியிருந்தவர்கள் சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்து வந்து, கோயிலில் அடுப்பு மூட்டி, தவித்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார்கள்!