விரலை எடுக்கும் வேளை

பொத்தானை அழுத்துவதற்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டியதில்லை. அழுத்திய விரலை எப்போது எடுப்பது என்பதில்தான் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது.

டெலிவிஷன் திரையில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எதிரியை ஏமாற்றி வளைந்து வளைந்து பந்தைக் கொண்டு போவார்கள். கூட்டாளிக்கு அழகாகப் போட்டுக் கொடுப்பார்கள். கடைசியில் கூடையை நோக்கி எறியும்போது மட்டும் பந்து வளையத்தின் விளிம்பில் 'டங்'கென்று பட்டு வெளியே போய் விழும். பத்து முறை இப்படி விழுந்தால் பிள்ளைக்கு அழுகை வந்து விடும். "அப்பா, கொஞ்சம் பணம் கட்டினால் என் ஆளுக்கு ஷாட் நன்றாக விழுமாம்" என்று மெல்ல ஆரம்பிப்பான்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிற சமாசாரம் என்று எண்ண வேண்டாம். ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரமானால் என்ன, ஸ்ரீவில்லிபுத்தூரானால் என்ன, பிளேஸ்டேஷன் வைத்திருக்கிற எந்த வீட்டுக் கூடத்திலும் நடக்கக் கூடியதுதான். ஷாட் விழுவதற்குப் பணம் வேண்டுமா, பழக்கம் வேண்டுமா? பிள்ளைக்கும் தகப்பனாருக்கும் வழக்கு முற்றுவதற்கு முன்னால், அந்த விளையாட்டின் உள் விவரத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது.

பழக் கூடையும் பச்சை நிறமும்

1891 டிசம்பரில் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளை எடுத்து, கூடத்தின் மேல்தள விளிம்பில் மாட்டினார். பனிக் காலத்தில் மாணவர்கள் உள்ளேயே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. அந்த விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரம் இருந்தது. அதனால் இன்றைக்கும் உலகம் முழுவதும் கூடைப்பந்து வளையம் பத்தடி உயரத்தில்தான் நிற்கிறது.

அந்த விளையாட்டு 1999-ல் 'என்.பி.ஏ. 2கே' என்ற பெயரோடு சேகா கம்பெனியின் டிரீம்காஸ்ட் இயந்திரத்துக்குள் புகுந்தது. விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு வந்து கொண்டிருக்கிறது. 2019-ல் வந்த பதிப்பில் பெண்கள் லீகின் வீராங்கனைகளும் சேர்ந்தார்கள். ஆகவே அண்ணன் மட்டும் ஆடுவது, தங்கை பார்த்துக் கொண்டிருப்பது என்ற நியாயமெல்லாம் இங்கே செல்லாது.

ஷாட் அடிக்கும் முறை பார்வைக்கு எளிது. பிளேஸ்டேஷனில் சதுரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையிலுள்ள வீரன் எம்பத் தொடங்குவான். சரியான வேளையில் விரலை எடுத்தால் பச்சை நிறம் பளிச்சிடும்; பந்து கூடைக்குள் இறங்கும். முந்தினாலோ பிந்தினாலோ அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வேளையைக் காட்டுவதற்கென்று வீரன் பக்கத்தில் 'மீட்டர்' என்ற ஒரு சிறிய அளவுகோல் நிரம்பிக் கொண்டே வரும். புதிதாக ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் கண் கொட்டாமல் அதையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். அவர்களுடைய ஷாட் விழாமல் போவதற்கும் அதுவேதான் காரணம்!

கண் ஏன் ஏமாற்றுகிறது?

இங்கே சிறு கணக்கு ஒன்று போட வேண்டும். இன்றைய இயந்திரங்களில் இந்த ஆட்டம் விநாடிக்கு 60 படங்களாகத் திரையில் ஓடுகிறது. பச்சை விழுவதற்கான வேளை அவற்றில் சில படங்களே. மனிதனுடைய கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, விரல் அசைவதற்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கும். அதற்குள் 12 படங்கள் ஓடிப் போய் விடும். மீட்டர் நிரம்பியதைப் பார்த்த பிறகு விரலை எடுக்கிறவன், ரயில் நகர்ந்ததைப் பார்த்த பிறகு டிக்கெட் வாங்க ஓடுகிறவனுக்குச் சமானம்.

அப்படியானால் நன்றாக ஆடுகிறவர்கள் மட்டும் எப்படி அடிக்கிறார்கள்? அவர்கள் பார்த்து விடுவதில்லை; தாளத்தில் விடுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அத்தனை பெரிய தேர் அசைந்து வரும்போது சக்கரத்தின் அடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறார்களே, அவர்கள் சக்கரம் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்களா? தேரின் நடையை உடம்பில் வாங்கிக் கொண்டு, சக்கரம் வருவதற்கு முன்பே கட்டையைப் போட்டு விடுகிறார்கள். சக்கரம் வந்ததைப் பார்த்துப் போட்டால் தேர் தாண்டிப் போய் விடும்.

விளையாட்டைத் தயாரித்தவர்களும் இதை அறிந்தவர்கள்தான். 2024-ல் வந்த '2கே25' பதிப்பில் பொத்தானுக்குப் பதிலாகக் கன்ட்ரோலரின் வலப்பக்கக் குமிழைக் கீழே இழுத்து, வீரனின் அசைவுக்கு ஒத்த வேகத்தில் மேலே தள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே 'ரிதம் ஷூட்டிங்'. தாள ஷாட் என்று நாம் சொல்லலாம்.

பழகுகிற முறை

முதல் காரியம், கண்ணை மீட்டரிலிருந்து எடுத்து வீரனின் உடம்பில் வையுங்கள். அவன் கால் தரையை விட்டு எழும்புவது, பந்து நெற்றிக்கு மேல் வந்து நிற்பது, கை முன்னால் தள்ளுவது, பந்து விரல் நுனியை விட்டுப் பிரிவது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் சில கட்டங்கள் உண்டு. சமீபத்திய பதிப்புகளில் இவற்றில் எந்தக் கட்டத்தில் விரலை எடுப்பது என்பதை நாமே அமைத்துக் கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். கொஞ்சம் பழகியதும் மீட்டரையே அணைத்து விடுங்கள். நீச்சல் கற்றவன் சுரைக்குடுக்கையை அவிழ்த்து விடுவதில்லையா, அதைப் போல.

இரண்டாவது, ஒரே ஷாட்டைப் பழகுங்கள். ஒவ்வொரு வீரனுக்கும் எம்பும் விதமும் வேகமும் வேறு வேறு. 2021 டிசம்பர் 14-ந் தேதி நியூயார்க்கில் 2,974-வது மூன்று புள்ளிக் கூடையைப் போட்டு, அதுவரை இருந்த சாதனையை முறியடித்த ஸ்டீபன் கரியின் ஷாட்டைத்தான் பிள்ளைகளுக்கெல்லாம் பிடிக்கும். அவருடைய கை மின்னல் வேகம். அப்படிப்பட்ட ஷாட்டை எதிரி தடுப்பது கடினந்தான். ஆனால் நம்முடைய விரலுக்கும் அவகாசம் குறைவு. புகழைப் பார்க்காமல் கைக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

நிஜ மைதானத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. வில்ட் சேம்பர்லின் என்ற பிரம்மாண்டமான ஆட்டக்காரர் 1962 மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். வழக்கமாக 'பிரீ த்ரோ'வில் தடுமாறும் அவர், அன்று 32-க்கு 28 போட்டார். இரண்டு கைகளாலும் பந்தைக் கீழிருந்து தூக்கி எறியும் முறையை அப்போது அவர் கைக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாக இல்லையே என்ற கூச்சத்தில் பிறகு அதைக் கைவிட்டார். பந்தும் அவரைக் கைவிட்டது. அதே முறையைக் கூச்சமில்லாமல் கடைசி வரை பின்பற்றிய ரிக் பாரி என்பவரோ, நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் போட்டு ஓய்வு பெற்றார்.

மூன்றாவது, டெலிவிஷனைக் கவனியுங்கள். படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகப் பல டெலிவிஷன்கள் அதைக் கொஞ்சம் தாமதித்தே திரையில் விடுகின்றன. சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஷாட் அடிக்கிறவருக்கு அது சர்வநாசம். அமைப்புப் பகுதியில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் தாமதம் பெரிதும் குறையும். இன்டர்நெட் வழியாக ஆடும்போது இன்னொரு தாமதமும் சேர்ந்து கொள்ளும். அதற்கு வைபையைவிடக் கம்பி இணைப்பு மேல். தனியே ஆடும்போது சரியாக விழுந்த ஷாட் இன்டர்நெட்டில் பிந்திப் போனால், விரலைத் திட்டாமல் இம்மியளவு முன்னால் எடுத்துப் பாருங்கள்.

நான்காவது, எறியாமல் இருக்கப் பழகுங்கள். எதிரி முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கொண்டிருந்தால் பச்சை வேளை சுருங்கி விடும். ஓடி ஓடி வீரன் களைத்துப் போனாலும் அப்படியே. பக்கத்தில் யாருமில்லாமல் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைக் கொடுப்பதும் ஷாட் பழகுவதில் சேர்ந்ததுதான். விழாத ஷாட்டுகளில் பாதி, எறிந்திருக்கவே கூடாத ஷாட்டுகள்.

இதையெல்லாம் ஆட்டத்தின் நடுவே கற்க முடியாது. தனியே பயிற்சி செய்ய விளையாட்டிலேயே ஒரு பகுதி இருக்கிறது. ஓர் இடத்தில் நின்று இருபது ஷாட் அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தியதா, பிந்தியதா என்று திரையே சொல்லும். அதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எல்லாம் பிந்தியே போகிறதென்றால் மருந்து தெரிந்து விட்டது. சில முந்தி, சில பிந்திப் போகிறதென்றால் தாளம் இன்னும் கூடி வரவில்லை என்று அர்த்தம்.

இயந்திரம் மோசம் செய்யுமா?

"நான் சரியாகத்தான் விட்டேன், மிஷின்தான் ஏமாற்றுகிறது!" என்பது தோற்றவர்களின் பழைய பல்லவி. அது முழுக்கப் பொய்யும் அல்ல. 1993-ல் வந்த 'என்.பி.ஏ. ஜாம்' என்ற விளையாட்டை உருவாக்கிய மார்க் டர்மெல், டெட்ராய்ட் அணியின் பரம ரசிகர். சிகாகோ அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் கடும் போட்டி நடந்து கொண்டிருந்த காலம் அது. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி க்ஷணத்தில் டெட்ராய்ட் அணிக்கு எதிராகச் சிகாகோ எறியும் ஷாட் தவறிப் போகும்படி விளையாட்டுக்குள்ளேயே ஏற்பாடு செய்து வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக் கொண்டார்! ஆனால் அந்த ஒரு கதையை வைத்துக் கொண்டு எல்லாத் தோல்வியையும் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. நோட்டில் 'பிந்தியது' என்று பதினைந்து கோடுகள் விழுந்திருந்தால், அவை டர்மெல் போட்ட கோடுகள் அல்லவே.

பணம் வாங்கித் தருவது என்ன?

இப்போது வழக்குக்கு வருவோம். இந்த விளையாட்டில் 'வி.சி.' என்ற ஒரு கற்பனை நாணயம் புழங்குகிறது. நாம் உருவாக்கும் வீரனின் ஷாட் திறனை உயர்த்த அது வேண்டும். ஆடி ஆடிச் சம்பாதிக்கலாம். அவசரக்காரர்கள் அசல் பணம் கொடுத்தும் வாங்கலாம். திறன் உயர்ந்தால் பச்சை வேளை சற்று அகலும் என்பது உண்மை. பிள்ளை சொன்னது பொய்யில்லை.

ஆனால் அவன் சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. அடுத்த ஆண்டு புதுப் பதிப்பு வரும். அதில் வீரனை மறுபடியும் அடியிலிருந்து வளர்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய திறன் பழைய பதிப்போடு தங்கி விடும். சில ஆண்டுகளில் அந்தப் பதிப்புக்கான இன்டர்நெட் சேவையையும் நிறுத்தி விடுவார்கள். விரலில் ஏறிய தாளமோ ஆளோடு வரும். புதுப் பதிப்பில் ஷாட்டின் வேகம் கொஞ்சம் மாறியிருந்தாலும், பழகத் தெரிந்தவன் சில நாளில் பிடித்து விடுவான். வருஷா வருஷம் கட்ட வேண்டிய வாடகைக்கும் ஒரே தடவையில் சொந்தமாகிற நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

நிஜக் கூடைக்கும் இந்தப் பழக்கத்தில் பாதி உதவும், மீதிப் பாதி உதவாது. பச்சை விழுந்தால் திரையில் பந்து தானே வளைந்து உள்ளே போகிறது. மைதானத்தில் அந்த வளைவையும் கைதான் கொடுத்தாக வேண்டும். வளையத்தின் அகலம் 45 சென்டிமீட்டர். பந்து சுமார் 24. தாழ்வாக, 30 பாகையில் வந்து சேரும் பந்துக்கு அந்த வளையம் 22½ சென்டிமீட்டராகச் சுருங்கித் தெரியும். விளிம்பில் படாமல் நுழையவே முடியாது. உயர்த்தி எறிந்தால்தான் வாசல் அகலமாகத் திறக்கும். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரை போன்றவர்கள் வெயிலில் நின்று பழகிய வித்தை அது.

ஆகையால் பணம் கேட்கும் பிள்ளையிடம் முதலில் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருபதுக்குப் பதினான்கு விழும் வரை வி.சி. பேச்சே வேண்டாம் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பதினான்கு விழத் தொடங்கிய பிறகு, அவனே அந்தப் பேச்சை எடுக்க மாட்டான்.