அந்தமானில் காணத்தக்கனவும் தகாதனவும்

"அந்தமானுக்குப் போனால் என்னென்ன பார்க்கலாம்?" என்று சங்க நண்பர்கள் பலர் கேட்கின்றனர். சென்ற விடுமுறையில் போய் வந்தவன் என்ற முறையில் விடை கூறுகின்றேன்.

முதலில் காணவேண்டியது செல்லுலார் சிறை. போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுக் கோபுரத்தினின்று ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள் நீண்டிருந்தன. இன்று எஞ்சியவை மூன்றே. ஒருவர் முகத்தை ஒருவர் காணாவண்ணம் அறைகளை அமைத்திருக்கின்றனர். தனிமையும் ஒரு தண்டனையே என்பதை அங்கே உணர்ந்தேன்.

எதிரே ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜியின் பெயர் தாங்கியது. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களின் வழித்தோன்றல்கள் அங்கே திரிகின்றன. "அதோ, அதோ!" என்று கூவி மகிழ்ந்தோம்.

வடக்கே பாராடாங் தீவு. அலையாத்திக் காடுகளினூடே படகில் சென்றால் சுண்ணாம்புக் குகையை அடையலாம். கரியமில வாயு கலந்த மழைநீர் பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு படிந்து தூண்களாகத் தொங்குகிறது. அத்தீவில் சேற்று எரிமலையும் உண்டு. அதில் நெருப்பில்லை, நிலத்தடி வாயுக்கள் சேற்றை மேலே தள்ளுகின்றன.

ஆனால் பாராடாங் செல்லும் சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே செல்கிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை நிறுத்தி, வரிசையாகக் காவலுடன் அனுப்புகின்றனர். இடையில் நிற்பதும், படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். வழியில் இரு சிறுவர்கள் தென்பட்டனர். வண்டி முழுதும் ஒரு பக்கம் சாய்ந்தது. "அதோ, அதோ!" மானைக் கண்டபோது எழுந்த அதே குரல்! நானும் இருக்கையினின்று எழுந்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த மக்களுக்கு வெளியார் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. 1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு அமைத்தபின், பெரிய அந்தமானியர் நோய்களால் பெருமளவில் மாண்டனர். இன்று நூறு பேர்கூட இல்லை. ஜாரவாக்கள் வெளியாரோடு பழகத் தொடங்கியது 1998இல். மறு ஆண்டே தட்டம்மை அவர்களைத் தாக்கியது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் வெறும் ஏட்டுச் சட்டமன்று, உயிர்வேலி.

நண்பர்களே, அந்தமானுக்குச் செல்லுங்கள். சிறையைக் காணுங்கள், மானைக் காணுங்கள், குகையைக் காணுங்கள். அச்சாலையில் மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். நாம் கடந்து போவது பிறர் வீட்டு முற்றத்தை. அங்கு வாழ்வோர் நமக்குக் காட்சிப் பொருளல்லர்.