ராடு வெச்சாச்சு... அப்புறம்?

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ராடு வெச்சிட்டாங்க. நாலஞ்சு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.”

வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவரின் வீட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போகும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்பவரும் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு’ என்று பெருமூச்சு விட்டு போனை வைப்பார். எல்லாம் முடிந்துவிட்ட தொனி இரண்டு பக்கமும் இருக்கும். ஆனால் ஆபரேஷன் என்பது இரண்டு மணி நேர வேலை. முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு, டாக்டர்கள் டிபியா என்று எழுதுவார்களே, அது முறிந்தால் சரியாகக் கூடுவதற்கு சாதாரணமாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அத்தனை மாதமும் வார்டு, நர்ஸ், கேன்டீன், பிசியோதெரபி எல்லாமே வீடுதான். அந்த வேலைக்காக நம் வீடுகள் கட்டப்படவும் இல்லை. வீட்டில் இருப்பவர்களை உட்கார வைத்து யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பு ஆஸ்பத்திரியிடம்தான் இருந்தது. தொடை எலும்பு முறிந்தால் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் கியூன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர், எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கும் குழாய்க்குள் நீளமான எஃகுக் கம்பியைச் செருகி முறிவை நிலைநிறுத்தத் தொடங்கினார். போர் நடந்த காலம் அது. ஜெர்மனியிடம் பிடிபட்டு விடுதலையாகி வந்த நேச நாட்டு வீரர்களின் எக்ஸ்ரேயில் தொடை நெடுக ஒரு கம்பி தெரிந்ததைப் பார்த்துத்தான் எதிர்ப்பக்கத்து மருத்துவர்கள் பலருக்கு விஷயமே தெரிந்தது. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வைக்கும் ராடு அதன் வாரிசுதான். நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போக முடிகிறதென்றால் அதற்கு இந்தக் கம்பியே காரணம். ஆனால் ஒன்று: ராடு எலும்பை ஒட்டவைப்பதில்லை. முறிந்த துண்டுகளை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எலும்பு கூடாமலே மாதங்கள் ஓடினால், உடம்பின் எடையைத் தாங்கித் தாங்கி ராடே ஒருநாள் உடையும்.

ஒட்டும் வேலை உடம்புடையது. முதலில் முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டுக்குள் புதிய செல்கள் குடியேறும். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற ஓர் இணைப்பு உருவாகும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். ரெவ்யூவுக்குப் போகும்போது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து “காலஸ் வந்திருக்கு” என்று சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகும் வேண்டாததைக் கரைத்து, வேண்டிய இடத்தில் சேர்த்து உடம்பு சீர்செய்துகொண்டே இருக்கும். அதற்கு ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல்.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் கூடாது. தொடையைச் சுற்றிலும் சதை இருக்கிறது, ரத்த ஓட்டம் தாராளம். கீழ்க்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோல், அதற்கடியில் நேராக எலும்பு. அதிலும் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கும் பகுதிக்கு ரத்தம் போவது ரொம்பவே குறைவு. அதனால்தான் அந்த இடத்து முறிவு ஆளைப் படுத்தி எடுக்கிறது. இந்த லட்சணத்தில் சிகரெட் வேறு இருந்தால் எலும்பு கூடுவது இன்னும் தள்ளிப்போகும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படியே. பார்க்க வரும் நண்பர், ‘பாவம், வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறான்’ என்று பால்கனியில் வைத்துப் பற்றவைத்துத் தரும் அந்த ஒன்றைவிடப் பெரிய உபகாரம் செய்ய நினைத்தால், கொண்டுவராமல் இருக்கலாம்.

இனி என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ரெஸ்ட்’ என்று எழுதியிருக்கும். நம் வீடுகளில் அதற்கு அர்த்தம், ஆளைக் கட்டிலில் கிடத்தி, தண்ணீர் டம்ளரைக்கூட நகர்ந்து எடுக்க விடாமல், டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்துவிடுவது. அன்பால் செய்யும் அநியாயம் இது. ஓய்வு வேண்டியது முறிந்த இடத்துக்கு மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வேலை வேண்டும். சும்மா கிடந்தால் இரண்டே வாரத்தில் தொடைச் சதை கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர மாதங்கள் பிடிக்கும். முழங்கால் மடங்க மறுக்கும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடியே இறுகி, பிறகு நடக்கும்போது குதிகால் தரையில் படாது. எலும்பு அழகாகக் கூடிய பிறகும் ஆறாவது மாதம் நொண்டி நடப்பவர்கள் பலருக்கு உண்மையான சிக்கல் எலும்பில் இல்லை, இப்படி விட்டுப்போன மூட்டிலும் சதையிலும்தான்.

செய்ய வேண்டியவை ஒன்றும் பெரிய வித்தையல்ல. மாவுக்கட்டு இல்லாமல் பாதம் அசைக்கும்படி இருந்தால், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறையாவது பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். கெண்டைச் சதை இப்படி அமுங்கி விரியும்போதுதான் கால் ரத்தம் மேலே ஏறுகிறது; அது தேங்கினால் உறைகட்டி உருவாகும். காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது தொடைச் சதைக்கு. டாக்டர் சரி என்றதும் காலை நீட்டியபடியே சற்றுத் தூக்கி இறக்குவது அடுத்தது. வீக்கம் வடிய கால் இதயத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தலையணையைக் கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் அடியில் கொடுங்கள். சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் மட்டும் வைத்து நாள்முழுக்கக் கிடந்தால், முழங்கால் மடங்கின வாக்கிலேயே இறுகப் பழகிவிடும்.

‘கால் ஊனலாமா?’ என்பதுதான் வீட்டில் ஓயாமல் ஓடும் கேள்வி. பதில் முறிவுக்கு முறிவு மாறும். எலும்பின் நடுப்பகுதி உடைந்து ராடு வைத்த பலரைச் சில நாளிலேயே வாக்கர் பிடித்து ஊன்றச் சொல்வார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் உடைந்து பிளேட் வைத்திருந்தால் பல வாரம் கால் தரையில் படவே கூடாது என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் வாரம் நடந்தார் என்பது உங்கள் காலுக்குச் சம்பந்தமில்லாத செய்தி. அதே நேரம், ஊன்றச் சொன்ன பிறகும் பயத்தில் காலைத் தூக்கியே வைத்திருப்பதும் தப்பு. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பவே தன்னைக் கட்டிக்கொள்கிறது என்பதை 1892-இலேயே யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். இருபது கிலோ வரை ஊன்றலாம் என்றால் எவ்வளவு என்று குழப்பமா? எடை பார்க்கும் மிஷினில் அடிபட்ட காலை மட்டும் வைத்து அழுத்திப் பாருங்கள். முள் இருபது கிலோ காட்டும்போது எப்படி இருக்கிறது என்பதைக் கால் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளும்.

கக்கத்துக் கட்டையில் நடப்பவர்கள் அதன்மேல் தொங்கக் கூடாது. அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில். தொங்கினால் அக்குள் நரம்பு நசுங்கி மணிக்கட்டு மரத்துத் தொங்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது முதலில் கட்டை, கூடவே அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத இடம்: கழிப்பறை. குத்துக்காலிட்டு உட்காரும் பேசின் மட்டுமே உள்ள வீட்டில் கால் முறிந்தவரின் முதல் கவலை வலி கிடையாது. இதை எப்படிச் சமாளிப்பது என்று ஆஸ்பத்திரியிலேயே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பலர் ஒரு ரகசிய ஏற்பாட்டுக்குப் போகிறார்கள்: தண்ணீரைக் குறைப்பது, சோற்றைக் குறைப்பது. மகளையோ மருமகளையோ கூப்பிட வேண்டுமே என்ற கூச்சம். வலி மாத்திரைகளில் சில ஏற்கெனவே மலத்தை இறுக்கும். தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எல்லாம் சேர்ந்து வரும். எலும்பு கூடத் தேவையான சாப்பாடும் உள்ளே போகாது. ஆகவே டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் இந்த ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும். நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி மருத்துவச் சாமான் கடைகளில் கிடைக்கிறது, வாடகைக்கும் தருகிறார்கள். சக்கரம் இல்லாததாகவோ, சக்கரத்தைப் பூட்டக்கூடியதாகவோ பார்த்து வாங்குங்கள். அதைப் பேசின் மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆண்களுக்கு ராத்திரியில் சிறுநீர் பாட்டில் போதும்.

வாக்கர் வாங்குமுன் பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளின் பாத்ரூம் கதவுகள் வாக்கரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்போ, கீழே இறங்கும் சிறு படியோ இருக்கும்; இரண்டாவது முறிவு நடக்க அந்த இரண்டு அங்குலம் போதும். வழியில் கிடக்கும் கால்மிதிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். கட்டையின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மாவுக்கட்டு நனையக் கூடாது. கட்டுக்குள் அரிப்பெடுத்தால் ஈர்க்குச்சியும் ஸ்கேலும் உள்ளே போகக் கூடாது. கீறல் விழுந்து, வெளியே தெரியாமலே சீழ் பிடிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஆலோசனைப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆட்டுக்கால் சூப் குடித்தால் கால் கூடும் என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. சூப் சூடாக, ருசியாக இருக்கும், வாய் கசந்து கிடப்பவருக்குப் பசியைத் தூண்டும். நான் அதை எதிர்க்கப்போவதில்லை. ஆனால் கொதிக்கும் தண்ணீரில் எலும்பின் கால்சியம் அதிகம் இறங்குவதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; ஒரு டம்ளர் சூப் அதன் பக்கத்தில்கூட வராது. கால்சியத்தைவிட வீடுகளில் அதிகம் விட்டுப்போவது புரதம். தினமும் இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அது வேண்டும். சைவக்காரர்களுக்கு அதே ஆட்டுக்கால் நம்பிக்கை கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பின் மேல். பெரணிச் செடியொன்றின் கிழங்கு அது, ஆட்டுக்கால் சாயலில் இருப்பதால் வந்த புகழ் பாதி. பிரண்டைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பா குழுவினர் விலங்குகளில் சோதித்து, எலும்பு சீக்கிரம் கூடுவதைப் பதிவு செய்தார்கள். மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. துவையலாகச் சாப்பிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, புளி போட்டு நன்றாக வதக்குங்கள், இல்லையென்றால் நாக்கு அரிக்கும். ‘சீழ் பிடிக்கும்’ என்று முட்டையையும் மீனையும் நிறுத்திப் பத்தியம் வைப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

பார்க்க வருபவர்களில் ஒருவராவது “ஏன் ஆபரேஷனுக்குப் போனீங்க, புத்தூர்ல கட்டியிருக்கலாமே” என்பார். திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் வழியில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரில் ராஜு குடும்பத்தார் தலைமுறைகளாகக் கட்டு வைத்தியம் செய்கிறார்கள். முட்டை வெள்ளையும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு தமிழ்நாடு முழுக்கக் கடைகள் இருக்கின்றன. நகராத, தோல் கிழியாத சின்ன விரிசல் எந்த நல்ல கட்டிலும் கூடும். தோல் கிழிந்த முறிவுக்கும், துண்டுகள் விலகிய முறிவுக்கும் அங்கே போவது காலை அடகு வைப்பதற்குச் சமம். ராடு வைத்த காலை எண்ணெய் போட்டு உருவிவிடவும் வேண்டாம். உள்ளே ரத்த உறைகட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

வீட்டு ஆண் கால் முறிந்து படுத்தால் வீடு அவரைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். வீட்டுப் பெண் படுத்தால்? மூன்றாவது வாரமே ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்திருப்பார். ‘உக்காந்த இடத்துல செய்யறதுதானே’ என்று சொல்வார்கள். காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் வீக்கம் ஏறும் என்பதையும், அவருக்கான உடற்பயிற்சி நேரத்தை அடுப்பு தின்றுவிடுகிறது என்பதையும் அந்த வீட்டு ஆண்கள் கவனித்து, ஆறு மாதம் சமையல்கட்டைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் அதுதான் வைத்தியம்.

சில அறிகுறிகளுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை லேசாக நீட்டினாலே உயிர் போவது, விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ மரத்தோ போவது, கெண்டைச் சதை திடீரென வீங்கிக் கல்லாவது, தையல் இடத்தில் சீழ், காய்ச்சல். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108.

பணமும் சிகிச்சையில் சேர்த்திதான். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு, சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். வேலையின்போது நடந்த விபத்தென்றால் ஊனம் தீரும் வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்ததும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், அதில் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, பில் எதையும் தூக்கிப்போடாதீர்கள். தினக்கூலிக்காரருக்கு இந்த வழியும் இல்லை. அவருக்கு பிசியோதெரபிக்காக ஆட்டோ பிடித்துப் போவதே கட்டுப்படியாகாத செலவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடங்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டில் வந்து கொடுக்கும் திட்டம் என்று மட்டும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். விவரம் தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்யுங்கள்.