விசிட் விசாவில் போன அக்கா

குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் விடியற்காலையில் ஜீப் ஏறும் பெண்களை ஊரே அறியும். ஏலத்தோட்டத்தில் வேலை, பொழுது சாய்ந்தால் வீடு. கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து வளைகுடா வீடுகளில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் போகிற பெண்களைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. புருஷன் துபாயில் என்றால் பெருமை. பெண்டாட்டி குவைத்தில் வீட்டு வேலை என்றால், ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிச் சமாளிக்கிற குடும்பங்கள் உண்டு.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் கிடைப்பது இ.சி.ஆர்., அதாவது வேலைக்குப் போக எமிகிரேஷன் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக, பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு அனுமதித்த ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்கே இந்த விதி என்பார்கள். இருக்கட்டும். 25 வயதில் வட்டிக்கடனும் கைக்குழந்தையுமாக நிற்கிறவரிடம் ஐந்து வருஷம் பொறு என்றால் பொறுப்பாரா? ஏஜென்ட் விசிட் விசா எடுத்துத் தருகிறார். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு எமிகிரேஷன் அனுமதி தேவையில்லை. ஆக, தொழிலாளி என்று அவரை நம் நாட்டிலும் யாரும் பதிந்துகொள்வதில்லை, அங்கேயும் பதிவதில்லை. விசா முடிந்த மறுநாளே அவர் ‘கல்லிவல்லி’, வளைகுடாப் பேச்சில் ஆவணமில்லாதவர்.

அதற்காக அவர் தலைகுனிந்து கிடப்பதில்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். சொந்தமாக ஒரு போன், வெள்ளிக்கிழமை அரை நாள் ஓய்வு, தேதி தவறாத சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறார். கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறி, நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கி மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு, பிடிக்காத வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடிவதே பெரிய கௌரவம். ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, பத்திரிகையில் தன் பெயர் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

குவைத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் தொழிலாளிக்கு வார விடுமுறை தருகிறது. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. இவற்றைக் கேட்டு வாங்கப் போனால், விசா எங்கே என்பதே முதல் கேள்வி. 2024 மார்ச்சில் அங்கே விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம், அல்லது அபராதம் கட்டிவிட்டு அங்கேயே தங்கலாம் என்றார்கள். பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினால் கடன் அப்படியே நிற்கும். அடுத்து இன்னொரு ஏஜென்ட்.

வயதைப் பார்ப்பதை விட்டு, வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கட்டும் அரசு. அதுவரை, உங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் கிளம்புகிறார் என்றால் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், விசா ஜெராக்ஸ், வேலை பார்க்கப்போகும் வீட்டின் முகவரி மூன்றையும் அவர் குடும்பத்தார் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.